மிஸ், லேப்டாப் ஆன் ஆகலை

இடைவேளை மணி அடித்த அரை நிமிடத்தில் கணினி அறை வாசலில் குறைந்தது மூன்று பேர் நிற்பார்கள். நெஞ்சோடு அணைத்த லேப்டாப், கலங்கிய முகம், வாயில் ஒரே வாக்கியம்: "மிஸ், ஆன் ஆகலை."

பள்ளியில் இந்த அறையை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் "ஆன் ஆகலை" என்பதற்கு நான் கண்ட அர்த்தங்கள் பல. பாஸ்வேர்டை ஏற்கவில்லை. திரை வெளிச்சம் அடிமட்டத்தில் கிடக்கிறது. அப்டேட் 34 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வைஃபை கிடைக்கவில்லை. நேற்று செய்த வீட்டுப்பாடத்தைக் காணோம். ஒரு முறை லேப்டாப்பில் எந்தக் குறையும் இல்லை, பையன் கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்க வந்திருந்தான். நிஜமாகவே உயிர் இல்லாமல் வந்தவை ரொம்பக் குறைவு.

அதனால், மாணவர்களுக்கு உதவ உட்காருகிறவர் ஆசிரியரோ, அம்மா அப்பாவோ, விவரம் தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளையோ, யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, இன்று வந்திருக்கும் "ஆன் ஆகலை"க்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதுதான். நான் இங்கே பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப்பை வைத்தே சொல்கிறேன். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு இது. பிள்ளை சொல்லி முடிக்கும் முன்பே லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, நான்கு இடத்தில் படபடவென்று தட்டி, "ம், சரியாப்போச்சு, போ" என்று அனுப்பிவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும். அடுத்த வாரம் அதே பிள்ளை அதே கோளாறோடு வந்து நிற்கும். நான் என்ன செய்தேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? மந்திரம் போட்டது போல இருந்திருக்கும்.

இப்போது லேப்டாப் மாணவர் முன்னால்தான் இருக்கும். கீபோர்டும் மவுஸும் அவர் கையில். நான் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்வேன். கை துறுதுறுக்கும், அதனால்தான் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு நிமிட வேலை ஆறு நிமிடம் ஆகும். பரவாயில்லை, மூன்றாவது முறை அந்தப் பிள்ளை நம்மைத் தேடி வராது. பக்கத்தில் இருப்பவருக்கும் அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

மூன்று கேள்விகள் கேட்பேன். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்? திரையில் ஏதாவது எழுதி வந்ததா?

"என்ன பண்ணினே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணும் பண்ணல மிஸ்." அது குற்றம் சாட்டுவது போலக் காதில் விழுகிறது, பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. "என்ன செய்துகொண்டிருந்தாய்" என்றால் கதை தானாக வரும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் செய்தியைப் படிப்பதில்லை. பெட்டி ஒன்று முளைத்தால் அதை மூடுவதுதான் முதல் வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு மாணவி, வேர்டில் சேமிக்கவே முடியவில்லை என்று வந்தாள். "சேவ் அழுத்து" என்றேன். அழுத்தினாள். ஒரு பெட்டி வந்தது, என் கண் அதில் படும் முன் எக்ஸ் போட்டு மூடிவிட்டாள். மறுபடி. மறுபடியும் மூடினாள். நான்காவது தடவை, "கையை எடு, வாய்விட்டுப் படி" என்றேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. படித்து முடித்ததும் அவளே டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்துவிட்டாள். நான் அங்கே செய்தது ஒன்றுமில்லை. செய்தி சட்டென்று மறைந்துவிடும் என்றால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீலத் திரை வந்தால் அதன் கீழே ஸ்டாப் கோட் என்று ஒரு வரி இருக்கும், அது மட்டும் போதும்.

நிஜமாகவே ஆன் ஆகவில்லை என்றால்

முதலில் விளக்குகளைப் பாருங்கள். சார்ஜரைச் செருகினால் லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா? (சிரிக்காதீர்கள்.) சுவரிலிருந்து வரும் வயர் அடாப்டர் பெட்டிக்குள் முழுதாகப் போயிருக்கிறதா? இந்த நடு இணைப்பு பைக்குள் இழுபட்டு அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். பார்த்தால் செருகியது போலவே தெரியும், மின்சாரம் போகாது. அழுத்திச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக லேப்டாப் பக்கத்துப் பின். அதே மாடல் லேப்டாப் வைத்திருக்கும் தோழியின் சார்ஜரைப் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சுருக்கமான வழி.

யூஎஸ்பி-சி வந்த பிறகு ஒரு புதுக் குழப்பம். போன் சார்ஜரும் லேப்டாப்பில் நுழைகிறது, பிள்ளைகள் அதையே போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மாணவர் லேப்டாப் பலவற்றுக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும். போனோடு வந்த சின்ன சார்ஜர் அதில் பாதிகூடத் தராது. சிலவற்றில் சார்ஜே ஏறாது, சிலவற்றில் ஊறுவது போல ஏறும், வேலை செய்துகொண்டே இருந்தால் ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும். அடாப்டரின் முதுகில் வாட் எண் அச்சடித்திருக்கும், அதைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். வாட் இல்லாமல் வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்கினால் போதும். இயற்பியல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விளக்கு எரிகிறது, ஆனாலும் அசைவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ், எது செருகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்துங்கள். மாணவரையே வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எட்டாவது விநாடியிலேயே விட்டுவிடுவார்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் செருகி, வழக்கம் போல ஒரு தட்டு. உள்ளே தங்கிப்போன மின்சாரம் வடிந்து, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை புதிதாகத் தொடங்கும். உயிர் போய்விட்டது என்று கொண்டுவந்தவற்றில் பலவும் இந்த இடத்தில் கண் திறந்திருக்கின்றன. விடுமுறை முழுக்க அலமாரியில் கிடந்த லேப்டாப் என்றால் அவசரப்படாதீர்கள். பேட்டரி அடியோடு இறங்கியிருக்கும். இருபது நிமிடம் சார்ஜில் போட்டுவிட்டு, அப்புறம் பட்டனைத் தொடுங்கள்.

திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் ஃபேன் சத்தம் கேட்கிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்தச் சொல்லுங்கள். அதன் குட்டி விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணினி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம். முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசை. அப்புறம் விண்டோஸ் விசையோடு பி: ப்ரொஜெக்ட் என்பதன் முதல் எழுத்தான பி. நேற்று ப்ரொஜெக்டரில் மாட்டியவர்கள் "இரண்டாவது திரை மட்டும்" என்று வைத்துவிட்டுக் கழற்றியிருந்தால் இதில் சரியாகலாம். அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு இன்னொரு பி: ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக வரும் பி. ஒரு பீப் சத்தம் கேட்கலாம், திரை ஒரு முறை சிமிட்டி, திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும். வாயால் சொல்லும்போது இந்த இரண்டு பி-யும் கலந்துவிடும், அதனால் எங்கள் அறையில் "ப்ரொஜெக்டர் பி", "பந்து பி" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்கும் மசியவில்லை என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் இருக்கும் வெளிச்சப் பகுதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அது நம் வேலை இல்லை, சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றில்லை

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பொய்யும் இல்லை. ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலும் போட்டே இருக்கும். அது இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது கணினி முழுதாக அணைவதில்லை. திறந்திருந்த நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. சீக்கிரம் திறக்கும், சரி. நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

ஒரு மாணவன் தினமும் அணைக்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமென்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால் அப் டைம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும், முழுதாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆகிறது என்பதன் கணக்கு அது. அவனுடையது 19 நாள் காட்டியது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீஸ்டார்ட் கொடுத்ததும் அவன் சொன்ன ஐந்து குறைகளில் நான்கு போய்விட்டன: சத்தம் வராதது, வைஃபை அறுவது, திரை நடுங்குவது, பிரிண்ட் போகாதது. ஐந்தாவது, டச்பேட் வேலை செய்யாதது. அது எஃப் வரிசை விசையில் அவனே தெரியாமல் அணைத்தது.

வாரம் ஒரு ரீஸ்டார்ட் என்று நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்டேட் ஓடும்போது மட்டும் கை வைக்காதீர்கள். சதவீதம் ஒரே இடத்தில் நிற்பது போல இருந்தாலும் ஒரு வகுப்பு நேரமாவது விட்டுவையுங்கள். பாதியில் பவரை நிறுத்தியதால் திறக்கவே மறுத்த லேப்டாப்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்டு, கீபோர்டு, அப்புறம் தமிழ்

பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் மாற்றித்தர ஓடாதீர்கள். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரியும் (நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள், அது அவர்கள் பாஸ்வேர்டு). கேப்ஸ் லாக் ஒரு காரணம். நம் பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு காரணம், தமிழ்க் கீபோர்டு. முந்தின நாள் தமிழ்ப் பாடத்துக்குத் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள். மறுநாள் பாஸ்வேர்டு கட்டத்தில் விழுவது தமிழ் எழுத்து, ஆனால் கண்ணுக்குத் தெரிவது புள்ளிகள் மட்டும். திரையின் கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

சில லேப்டாப்களில் தனி எண் பலகை இருக்காது, எழுத்துகளுக்கு மேலேயே எண்கள் ஒளிந்திருக்கும். எண்களை இயக்கும் நம் லாக் (Num Lock) விசை தெரியாமல் விழுந்துவிட்டால் ஜே, கே, எல் அழுத்தினால் 1, 2, 3 வரும். பாதி எழுத்து சரியாகவும் பாதி எண்ணாகவும் வந்தால் இதுதான். கீபோர்டு மந்தமாக இருக்கிறது, ஒரு விசையை ரொம்ப நேரம் அழுத்தினால்தான் எழுத்து விழுகிறது என்றால், வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்தியதில் ஃபில்டர் கீஸ் விழித்திருக்கும். கையை ஷிஃப்ட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அக்ஸெஸிபிலிட்டி அமைப்புகளில் போய் அணைக்கலாம். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று இன்னொன்று வரும். விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது நன்றாகவே அறிமுகம்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரு வாரம் பழகினால் ஆங்கில எழுத்தை மனதில் கூட்டித் தமிழாக்கும் சிரமம் போய்விடும். என் அனுபவத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நான்கு நாளில் பிடித்துக்கொள்கிறார்கள், ஆசிரியர்களுக்குத்தான் கூடுதல் நாள் ஆகிறது.

யாரோ அனுப்பிய பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல் வருகிறதா? வைரஸ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இந்த லேப்டாப்பில் இல்லை, அவ்வளவுதான். யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும்.

வைஃபை

பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறதா? இதுதான் முதல் கேள்வி. யாருக்கும் வரவில்லை என்றால் லேப்டாப்பை நோண்டாதீர்கள். இவருக்கு மட்டும் இல்லை என்றால் ஏரோப்ளேன் மோடைப் பாருங்கள். அப்புறம் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேருங்கள். இணைந்திருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க் விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இவருக்கு முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்து மறுபடி சேர்ந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரே நேரத்தில் பல பேருக்கு இப்படி வந்தால் நெட்வொர்க் பார்க்கிறவரிடம் சொல்லுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாகப் பயமுறுத்தினால், முதலில் கடிகாரம். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்காதது போலவோ காலாவதியானது போலவோ தெரியும், பிரவுசர் மறுத்துவிடும். தேதியைத் திருத்திய பிறகும் மறுநாள் பழைய வருடத்துக்கே ஓடினால் உள்ளே இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

மெதுவாக ஓடுகிறது என்பதற்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. டாஸ்க் மேனேஜரில் எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள், அநேகமாக நாற்பது டேப் திறந்த பிரவுசர். டிஸ்க்கில் கொஞ்சம் இடம் விடுங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபட்டால் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

காணாமல் போன வீட்டுப்பாடம்

இதில்தான் கண்ணீர் வரும். அதனால் முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பிலிருந்து தள்ளி.

பெரும்பாலும் கோப்பு எங்கும் போயிருக்காது, வேறெங்கோ உட்கார்ந்திருக்கும். வேர்டையே திறந்து, சமீபத்தில் திறந்தவை பட்டியலைப் பாருங்கள். பெயர் நினைவில்லை என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தேதி வரிசைப்படுத்துங்கள். இணைப்பாக வந்த கோப்பை மெயிலிலிருந்தே திறந்து, அதிலேயே இரண்டு மணி நேரம் எழுதியிருந்தால் அது டவுன்லோட்ஸிலோ தற்காலிக ஃபோல்டரிலோ இருக்கும். அப்புறம் ரீசைக்கிள் பின். பென் டிரைவிலிருந்து அழித்தது அங்கே வராது, அதைத் தெரிந்து வையுங்கள். சேமிக்காமலே மூடியது என்றால், வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் என்று போனால் சேமிக்காதவற்றை மீட்கும் வழி உண்டு. கூகுள் டாக்ஸ், ஒன்டிரைவ் என்றால் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. குழு வேலையில் ஒருவர் முழுதையும் அழித்துவிட்டு "நானில்லை" என்று நிற்கும்போது நேற்றைய பிரதியை எடுத்துத்தரும், யார் அழித்தது என்பதையும் காட்டும். பின்னதை நான் திரையில் பெரிதாகக் காட்டுவதில்லை.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்ய வேண்டாம், அதைத்தான் அந்த வைரஸ் எதிர்பார்க்கிறது. ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்தால் பெரும்பாலும் அசல் அங்கேயே ஒளிந்திருக்கும்.

தண்ணீர் கொட்டினால்

ஒரு பையன் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றான். "அதுவா நின்னுடுச்சு மிஸ்." நான் ஒன்றும் சொல்லாமல் கீபோர்டில் விரலை ஓட்டினேன். ஏ, எஸ், டி மூன்றும் அழுத்தினால் உடனே எழும்பவில்லை, ஒட்டி ஒட்டி மெதுவாக மேலே வந்தன. விரலை முகர்ந்தால் ஆரஞ்சு வாசனை. அவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஜூஸ் சிந்தியிருக்கிறது. துடைத்திருக்கிறான். லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி அது நின்றதும், சரியாகிவிடும் என்று நான்கு முறை ஆன் செய்து பார்த்திருக்கிறான், சார்ஜரும் போட்டிருக்கிறான். சிந்தியதைவிட, அந்த நான்கு முறைதான் அதைக் கொன்றது. ஈரத்தில் மின்சாரம் பாயும்போதுதான் பலகை கருகுகிறது.

அதனால் சிந்திய அந்த நிமிடமே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்கக்கூட நிற்க வேண்டாம். திறந்த நிலையிலேயே கீபோர்டு கீழே பார்க்கக் கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். பேட்டரி வெளியே கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே தள்ளும். அரிசிக்குள் புதைப்பதும் பயனில்லை, தூசியும் நொய்யும்தான் துவாரத்தில் புகும். வெறும் தண்ணீர் என்றாலும் இரண்டு நாளாவது ஆன் செய்யக் கூடாது. சர்க்கரை கலந்தது என்றால் காய்ந்தாலும் அரிப்பு நிற்காது, திறந்து சுத்தம் செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் பிள்ளைகள் செய்வதற்கு ஒரே நிபந்தனை, நம்மிடம் சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை. அந்தப் பையனுக்குப் பிறகு என் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சிந்தியது, விழுந்தது, மிதித்தது எதுவானாலும் முதல் பத்து நிமிடத்தில் வந்து சொன்னால் "நல்லவேளை சொன்னே" என்பது மட்டும்தான் என் பதில். பணம், தண்டனை பற்றிய பேச்சு அந்த மேசையில் கிடையாது, அது வேறு இடத்தில் வேறு நாளில். இப்போது ஈரத்தோடு ஓடி வருகிறார்கள். பாதி பிழைக்கிறது.

நீங்களும் தொடக் கூடாதவை

டச்பேட் மேலெழும்பியிருக்கிறது, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காரவில்லை, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து வீங்குவது அது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூட முயலாதீர்கள், குத்தவே கூடாது. தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டுப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.

48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்டு நீலத் திரை நின்றால் ஊகித்து அடிக்க முடியாது. டிஸ்க் பூட்டியிருக்கிறது. பள்ளி அமைத்துத் தந்த லேப்டாப் என்றால் சாவி பள்ளியின் நிர்வாகக் கணக்கில் இருக்கும். ரீசெட் கொடுத்து எல்லாவற்றையும் அழித்தால் சரியாகிவிடும் என்று எந்த வீடியோ சொன்னாலும் கேட்காதீர்கள். பாடங்களும் போய்விடும், பள்ளி போட்ட அமைப்பும் போய்விடும். குரோம்புக்குக்கும் இதே கதைதான். அது உறைந்துபோனால் ரிஃப்ரெஷ் விசையும் பவரும் சேர்த்து அழுத்தலாம், பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் பவர்வாஷ் மட்டும் நிர்வாகியிடம் கேட்காமல் வேண்டாம். தளம் தடுக்கப்பட்டிருக்கிறது என்பது கோளாறு இல்லை, அதைத் தாண்டும் குறுக்குவழியையும் நம்மிடம் கேட்பார்கள். "அது என் வேலை இல்லப்பா" என்றால் முடிந்தது. பாடத்துக்கு நிஜமாகவே வேண்டிய தளம் என்றால் ஆசிரியர் வழியாகத் திறக்கச் சொல்லலாம்.

இன்னும் விண்டோஸ் 10இல் ஓடும் லேப்டாப்கள் இருந்தால் அதையும் பொறுப்பானவர் காதில் போட்டுவையுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

ஒரு நோட்டு

தேதி, லேப்டாப் எண், என்ன குறை, என்ன செய்தோம். நான்கு பத்தி போட்ட சாதாரண நோட்டு ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். மாணவர்தான் எழுத வேண்டும். ஒரு வருடம் புரட்டிப் பார்த்தபோது ஒன்பது சார்ஜர்கள் ஒரே இடத்தில், அடாப்டர் பெட்டியை ஒட்டிய இரண்டு விரற்கடை தூரத்தில், வயர் வெடித்திருந்தது தெரிந்தது. காரணம், பெட்டியைச் சுற்றி வயரை முறுக்கிக் கட்டுவது. கையில் தளர்வான வளையமாகச் சுற்றி வைக்கும் முறையை ஒரு வகுப்பு முழுக்கச் செய்துகாட்டினேன். அடுத்த வருடம் இரண்டுதான்.

சர்வீஸுக்கு அனுப்பும் சீட்டையும் மாணவரையே எழுதவையுங்கள். முன்பெல்லாம் "ஆன் ஆகவில்லை" என்று எழுதி அனுப்புவோம். பத்து நாள் கழித்து "ஆன் ஆகிறது, குறை இல்லை" என்று எழுதித் திரும்பி வரும். இங்கே திறந்தால் திரை கறுப்பு. போன வாரம் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதியது இப்படி: "சார்ஜர் விளக்கு எரிகிறது. ஃபேன் ஓடுகிறது. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறது. திரையில் ஒன்றும் இல்லை, டார்ச் அடித்தால் லேசாகத் தெரிகிறது. மூடியை நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் திறந்தால்தான் இப்படி. கீழே விழவில்லை. இரண்டு பி-யும் போட்டுப் பார்த்துவிட்டோம்." கடைசி வரி சர்வீஸ்காரருக்குப் புரிந்திருக்காது. மற்றதெல்லாம் புரிந்தது, மூன்றாம் நாள் திரைக் கேபிள் மாற்றி வந்துவிட்டது.